அப்பா பெயரில் எழுதிய அபிப்பிராயங்கள்

இப்போது எதற்கெடுத்தாலும் அபிப்பிராயம் கேட்கிறார்கள். போன மாதம் பதுளையில் ஒரு குடை வாங்கினேன். வீடு வந்து சேருவதற்குள் போனில் செய்தி வந்துவிட்டது. குடை எப்படி இருக்கிறது, ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்கிறார்கள். அட, மழை பெய்தால்தானே சொல்ல முடியும்! என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் இப்படி வந்திருக்கும். நம் காலத்தில் நம்மிடம் யார் அபிப்பிராயம் கேட்டார்கள்? இருக்கச் சொன்ன இடத்தில் இருந்தோம், கொடுத்ததைத் தின்றோம். குழம்பில் உப்புப் போதுமா என்றுகூட வீட்டு ஆண்களிடம்தான் கேட்பார்கள்.

ஆனால் எனக்கு ஒரு மழைக்காலம் வாய்த்தது. அப்போது பதிமூன்று வயது. ஏறக்குறைய இரண்டரை மாதம் நான் அபிப்பிராயம் எழுதுவதைத் தவிர வேறு வேலை செய்யவில்லை. வைத்தியம், சமையல், கொலை, தேயிலை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே அப்பாவின் கையெழுத்து இருக்கும்.

நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் நமுனுகுல மலைச்சரிவில் இருந்தது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவை ஒட்டி ஒரு சின்ன அறை சும்மா கிடந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் அதைக் கேட்டு வாங்கி வாசகசாலை ஆக்கினார். அங்கே புத்தகம் வந்து சேர்ந்த விதம் வேடிக்கையானது. பதுளையில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர், சாமான் சுற்றிக் கொடுப்பதற்காகப் பழைய தாள்களை மூட்டை மூட்டையாக வாங்குவார். அதில் முழுசாகக் கிடக்கும் தமிழ்ப் புத்தகங்களைக் கிழிக்க அவருக்கு மனம் வராது. ஒதுக்கி வைத்து, மாஸ்டர் டவுனுக்குப் போகும்போது கொடுத்து அனுப்புவார். "எழுத்தக் கிழிச்சா பாவம் மாஸ்டர், கொண்டு போங்க" என்பாராம்.

ஆகவே இன்ன புத்தகம்தான் என்று எங்கள் வாசகசாலையில் கிடையாது. கோழி வளர்ப்பு இருந்தது. அதன் பக்கத்தில் பக்திக் கதைகள். அதற்கும் பக்கத்தில், கொலைகாரன் யார் என்று சொல்லும் பக்கங்கள் மட்டும் இல்லாத துப்பறியும் கதை. எல்லாவற்றிலும் மிளகும் மல்லியும் கருவாடும் கலந்த ஒரு வாசம். சில புத்தகங்களைத் திறந்தால் முதலில் தும்மல்தான் வரும்.

ஒரு நாள் சட்டி வைத்த கறை வட்டமாகப் பதிந்து ஒரு புத்தகம் திரும்பி வந்தது. மாஸ்டருக்குக் கோபம் வந்து ஒரு சட்டம் போட்டார். புத்தகம் கொண்டுபோகிறவர் அதைப் பற்றி அரைத் தாளில் நாலு வரியாவது எழுதி, கையெழுத்துப் போட்டு, புத்தகத்தோடு கொண்டுவர வேண்டும். அப்போதுதான் அடுத்த புத்தகம் கிடைக்கும். அந்தத் தாள்களை அவர் கோதுமை மாப் பசையால் ஒரு பெரிய கொப்பியில் ஒட்டுவார். கொப்பி சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் விளக்கேற்றி, கொப்பிக்கு ஒரு பூ வைத்து, அந்த வாரத்து அபிப்பிராயங்களை உரக்க வாசிப்பார். சுவரில் உறுப்பினர் பட்டியல் ஒன்று தொங்கும். அபிப்பிராயம் கொடுக்காதவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு புள்ளடி விழும், தேர்தலில் போடுவோமே, அந்தப் பெருக்கல் குறி.

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார். அதுவும் மூன்று இடத்தில் பேனாவைத் தூக்கித் தூக்கித்தான் முடிப்பார். ஆனால் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்கிறவர், நல்ல உயரம், வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாத மனுஷன். பார்ப்பவர்கள் படித்தவர் என்றே நினைப்பார்கள். தேத்தண்ணிக் கடையில் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்து, கொஞ்ச நேரம் மௌனமாக இருந்து, "ம்... நாடு போற போக்கு" என்று மடித்து வைப்பார். எந்தப் பத்திரிகையில்தான் நாடு நல்ல போக்குப் போயிருக்கிறது? அதனால் அவர் மாட்டிக்கொண்டதே இல்லை. அம்மா, நான், தங்கை, எங்கள் மூவருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

லயத்துக்கு, அதாவது ஒரே கூரைக்குக் கீழே கட்டிய ஒரு வரிசைக் காம்பரா வீடுகளுக்கு, ஒருவர் உறுப்பினராக வேண்டும் என்றபோது எங்கள் லயத்திலிருந்து அப்பாவைத்தான் எல்லோரும் முன்னே தள்ளினார்கள். அவரும் ஒரு புத்தகம் வாங்கி வந்தார். மூன்று வாரம் அது தகரப் பெட்டி மேல் கிடந்தது. மூன்று புள்ளடி விழுந்தது.

அந்த ஐப்பசியில் நான் வயதுக்கு வந்தேன்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் இருந்துதானே எழுந்தீர்கள். காம்பராவின் மூலையில் அம்மாவின் பழைய சேலையைக் கட்டி, அதற்குக் கீழே கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்கையும் தொங்கவிட்டு மறைத்தார்கள். கால் நீட்டினால் அடுப்பங்கரைச் சுவர், கை நீட்டினால் வெளிச்சுவர். தனிக் கோப்பை, தனித் தட்டு. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மத்தியானம் உளுந்தங்களி. இன்றைக்கும் உளுந்தங்களி வாசம் வந்தால் எனக்கு மூச்சு அடைக்கும். ஆண்கள் முகம் பார்க்கக் கூடாது என்பதால் அந்த நாட்களில் அப்பா எனக்கு ஒரு குரல், அப்புறம் சேலைக்குக் கீழே தெரியும் பத்துக் கால்விரல். வெளிச்சத்துக்குச் சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது.

பதினாறு நாள்தான் என்றார்கள். பதினாறாம் நாள் தாய்மாமன் வந்து சீர் வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாமா இருந்தது மடுல்சீமையில். அடைமழையில் அந்தப் பக்கத்துப் பாதை மண் சரிந்து மூடிக்கொண்டது. மாமாவிடமிருந்து ஆள் மூலம் சேதி வந்தது: "நான் வராம என் மருமவளுக்குத் தண்ணி ஊத்துனா, அப்பறம் அக்கா தம்பின்னு ஒண்ணும் கெடையாது." அம்மாவுக்கு இருந்ததே ஒரு தம்பி. பதினாறு நாள் இருபத்தைந்தானது, நாற்பதானது. மழையும் விடவில்லை, மாமாவும் வரவில்லை, நானும் வெளியே வரவில்லை.

எனக்கு ஒரே கவலைதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரைதான் உண்டு. அதற்குப் பிறகு நான் காலை பஸ்ஸில் பதுளைக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போன பெண்பிள்ளை நான் ஒருத்திதான். தை மாதம் புது வகுப்புத் தொடங்கும்போது போய் நின்றால் எட்டாம் வகுப்பு. போகாவிட்டால் தோட்டத்து வேலைக்காரர் பட்டியலில் பேர் பதிந்து, கூடையைத் தலையில் மாட்டிவிடுவார்கள். சேலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் தை மாதத்துக்கு எத்தனை நாள் என்று சுவரில் நகத்தால் கீறிக்கொண்டிருந்தேன்.

அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்த ஒரு பகலில் பத்துக் கால்விரலும் வந்து நின்றன.

"புள்ள, ஒனக்குப் பொழுது போகுதா?"

"இல்லப்பா."

சேலைக்குக் கீழே ஒரு புத்தகம் உள்ளே வந்தது.

"வாசிச்சிட்டு நாலு வரி எழுதிக் குடு. மாஸ்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு."

அது வீட்டு வைத்தியப் புத்தகம். ஒரே நாளில் முடித்தேன். "இதில் எல்லா நோய்க்கும் தேன் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தேன் வாங்க முடிந்த வீட்டில் இந்த நோய்கள் ஏன் வந்தன என்று எழுதியவர் சொல்லவில்லை" என்று எழுதினேன். அப்பா அதை என்னை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே! மனப்பாடம் ஆனதும் மூன்று தூக்கலில் கையெழுத்தைப் போட்டுக் கொண்டுபோனார்.

சாயங்காலம் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. காலில் ஒட்டியிருந்த அட்டையைக்கூட எடுக்காமல் நின்று கத்தினாள். கத்தினாள் என்றால் வாய்க்குள்ளேதான். லயத்துக் காம்பராச் சுவர் கூரைவரை போகாது. இங்கே இருமினால் அங்கே தண்ணீர் கொடுப்பார்கள்.

"தீட்டுப் புள்ள கையில புத்தகமா? சரஸ்வதி படத்துக்கு முன்னுக்கு வைக்கிற தாளுங்க அது! தெரிஞ்சா லயமே தெரண்டு வந்துரும்."

"யாரு சொல்லப் போறா? நீயா?" என்றார் அப்பா.

அம்மா குனிந்து காலிலிருந்த அட்டையைப் பிய்த்து எறிந்தாள். அன்றிலிருந்து நாங்கள் நாலு பேரும் ஒரு குற்றத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டோம். சாமிக்குச் சமாதானமாக அம்மா என் விரல் நுனிகளில் மட்டும் மஞ்சள் தடவிவிட்டாள். அந்தப் புத்தகங்களிலெல்லாம் பக்க ஓரத்தில் மஞ்சள் கறை படிந்திருக்கும். பலசரக்குக் கடைப் புத்தகம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அடுத்து அந்தத் துப்பறியும் கதை வந்தது. அதற்குள் அம்மாவுக்கே ருசி தட்டிவிட்டது. அரிசி களைந்துகொண்டே, "மெதுவா வாசி, கேட்டுக்கிட்டிருக்கேன்" என்பாள். பணக்காரர் ஒருவரை விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள். வேலைக்காரனா, தம்பியா, டாக்டரா என்று விசாரித்துக்கொண்டே போய்க் கதை பாதி வாக்கியத்தில் நின்றது.

"டாக்டர்தான்" என்றாள் அம்மா.

"எப்படிம்மா?"

"கூப்பிட்ட ஒடனே வீட்டுக்கே வந்து பாக்குறானாம் ஒரு டாக்டரு. எந்தூர்ல நடக்குது அது? அவன்தான்."

அதையே எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வாசித்தபோது சிரிப்பு அடங்கச் சுணங்கியதாம். சமையல் புத்தகத்துக்கும் அம்மாவின் வார்த்தைதான்: "இதை எழுதியவருக்கு எழுதும்போது பசியில்லை." அம்மா அபிப்பிராயம் சொல்லக்கூடியவள் என்பதே எனக்கு அந்த மூலையில் இருந்தபோதுதான் தெரிந்தது. அப்பாவுக்கு அப்போதும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

தேயிலைப் பயிர்ச்செய்கை பற்றி ஒரு தடித்த புத்தகம் வந்ததுதான் பெரிய கூத்து. இருநூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். மண், உரம், நிழல்மரம், பூச்சி, எல்லாவற்றுக்கும் ஒரு அதிகாரம் இருந்தது. நான் எழுதினேன்: "செடிக்கும் செடிக்கும் நடுவில் எத்தனை அங்குலம் என்று எழுதியவர், அந்த நடுவில் நிற்கிற ஆளுக்கு எவ்வளவு இடம் என்று எழுதவில்லை. பூச்சிகளுக்குப் படம் போட்டிருக்கிறார். கொழுந்தெடுப்பவருக்குப் படம் இல்லை." அந்த ஞாயிறு தொழிற்சங்கத் தலைவர் எழுந்து வந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தாராம். ஆபீஸ் கிளாக்கர், "யாரய்யா இதெல்லாம் ஒனக்குச் சொல்லிக் குடுக்கிறது?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டாராம். "வாசிச்சா தோணுதுங்க" என்று அப்பா சொன்னாராம்.

அதற்குப் பிறகு அப்பாவின் நடையே மாறிவிட்டது. கால்விரல்களைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் இஸ்தோப்பில், அதுதான் காம்பராவுக்கு முன்னால் இருக்கும் ஒடுக்கமான வராந்தா, நாலைந்து பேர் வந்து உட்காருவார்கள். அப்பா என் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார். சிலதைத் தலைகீழாகச் சொல்லுவார். எனக்கு உள்ளே இருந்து திருத்த வேண்டும் என்று நாக்கு துடிக்கும். தேத்தண்ணி மணம் சேலைக்குள்ளே வரும். நான் சொன்னதெல்லாம் வெளியே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது, நான் மட்டும் உளுந்தங்களியோடு உள்ளே கிடந்தேன். பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. பெருமை கொஞ்சம் கூட என்றுதான் சொல்ல வேண்டும், பொய் சொல்லக் கூடாது.

மார்கழி பிறந்ததும் அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, தை மாசம் பள்ளிக்கூடம் தொறக்குது."

"ம்."

"நான் போகணும்."

"பாப்போம்."

நம் அப்பாமார் பார்ப்போம் என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து, நான் தூங்குகிறேன் என்று நினைத்து அவர் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன்.

"வயசுக்கு வந்த புள்ளய அவ்வளவு தூரம் பஸ்ஸில அனுப்பிட்டு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்க ஏலாது. சடங்கு முடியட்டும், பேரப் பதிஞ்சிடலாம். அவ வீட்டோட இருந்தா, ஞாயித்துக்கெழமைக்கு எழுதிக் குடுக்கவும் ஆளிருக்கும்."

அம்மா பக்கம் காது கொடுத்தேன். அடுப்பை ஊதும் சத்தம்தான் கேட்டது.

முதல் காரணத்தை நான் எதிர்பார்த்தேன். எல்லா வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். இரண்டாவது காரணம் என்னை அடித்துப் போட்டுவிட்டது. மோசமாக எழுதியிருந்தால் ஒரு வாரத்தில் விட்டிருப்பார். நான் அல்லவா ராத்தூக்கம் இல்லாமல் யோசித்து யோசித்து எழுதினேன்! யாரிடம் போய்ச் சொல்வது? நான்தான் எழுதினேன் என்று சொன்னால், தீட்டோடு எழுதிய தாளை சரஸ்வதிக்கு முன்னால் ஒட்டினீர்களா என்று கேட்பார்கள். அப்பாவை வாசகசாலையை விட்டுத் துரத்துவார்கள். கொப்பியை ஆற்றில் விட்டுவிடுவார்கள். என் படிப்புக்காகப் பேச ஒரு ஆள் இருக்காது.

அந்த வாரம் வந்தது ஒரு கடிதப் புத்தகம். யாருக்கு எப்படிக் கடிதம் எழுத வேண்டும் என்று மாதிரி கொடுத்திருப்பார்களே, அது. வியாபாரி வியாபாரிக்கு, கணவன் மனைவிக்கு, மகன் தகப்பனுக்கு. நான் எல்லாவற்றையும் எண்ணினேன். பிறகு இரண்டு அபிப்பிராயம் தயாரித்தேன். அப்பாவுக்கு வாசித்துக் காட்டியது ஒன்று: "கடிதங்கள் மரியாதையாக எழுதப்பட்டுள்ளன. இளைஞர்களுக்குப் பயன்படும்." அவர் மூன்று தரம் கேட்டு, "இந்தத் தடவ கொஞ்சம் சப்புன்னு இருக்கே" என்றார். "புத்தகமே அப்படித்தாம்ப்பா" என்றேன். தாளில் எழுதியிருந்தது வேறு. அது எனக்கு இன்றும் வரி வரியாக ஞாபகம் இருக்கிறது:

"இதில் மகன் தகப்பனுக்கு எழுதும் கடிதங்கள் பதினொன்று உள்ளன. மகள் தகப்பனுக்கு எழுதும் கடிதம் ஒன்றே ஒன்று. அதுவும் கல்யாணச் சேலைக்கு நன்றி சொல்லி. என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாதீர்கள் என்று ஒரு மகள் எழுத வேண்டுமானால் அதற்கு மாதிரி இல்லை. வயதுக்கு வருவது குற்றமல்ல. நம் தோட்டத்தில் வருகிற தை முதல் எந்தப் பெண்பிள்ளையையும் நிறுத்தாமல் பதுளைக்குப் படிக்க அனுப்ப வேண்டும் என்பது என் அபிப்பிராயம்."

அப்பா கீழே கையெழுத்துப் போட்டார். பேனா தாளில் உரசுவதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தங்கையையும் கூட்டிக்கொண்டு போனார். நடந்ததை அவள் சொல்லித்தான் முதலில் அறிந்தேன். பின்னால் வேறு பலரிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். மாஸ்டர் அதைக் கடைசியாக வைத்திருந்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தாராம். அப்பா முதலில் அது வேறு யாருடையதோ என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாராம். தன் பெயரைக் கேட்டதும் தலையாட்டல் பாதியில் நின்றதாம். பெண்கள் பிள்ளைக்காம்பராப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் கைதட்டியது அவர்கள்தானாம்.

"அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க" என்றாராம் மாஸ்டர். "ஊருக்குச் சொல்லிட்டீங்க. ஒங்க வீட்டுல என்ன முடிவு? எல்லாரும் கேக்கட்டும்."

அப்பா எழுந்தார். சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கையின் தலையில் கையை வைத்தார்.

"சின்னவ இப்ப அஞ்சாம் வகுப்பு முடிச்சிட்டா. தை மாசம் அவள பதுளைக்கு அனுப்புறேன்."

கைதட்டல் கூரைத் தகரத்தில் அடித்ததாம். மாஸ்டர் மட்டும் தட்டவில்லையாம்.

"பெரியவ?"

"பெரியவளுக்குச் சடங்கே இன்னும் முடியல மாஸ்டர். அவ வீட்டுக்கு வேணும்."

"ஆமாங்க, அது சரிதானே" என்று யாரோ சொன்னார்கள். மாஸ்டர் தாளுக்குப் பசை தடவிக் கொப்பியில் ஒட்டினாராம்.

தங்கை ஓடி வந்து சேலைக்குக் கீழே தலையை விட்டாள். பத்து வயதுப் பிள்ளை. மழையில் நனைந்து மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"அக்கா! நான் பதுளைக்குப் போகப் போறேன்! அப்பா எல்லாரு முன்னுக்கும் சொல்லிட்டாரு!"

ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது. கையைத் தூக்கியும் விட்டேன். அவள் என் கை எதற்கு வந்தது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். ஐந்தோடு நிற்க வேண்டிய பிள்ளை அவள். நான் உண்மையைச் சொன்னால் எனக்கும் கிடைக்காது, அவளுக்குக் கிடைத்ததும் போய்விடும். அந்த மூலையை இன்னும் சின்னதாக்கியது நானேதான்.

அப்பா இருட்டுமுன்னே வந்தார். கால்விரல்கள் வந்து நின்றன.

"நீ வாசிச்சது ஒண்ணு, எழுதுனது ஒண்ணு."

"ஆமா."

அடிப்பார் என்று நினைத்தேன். தீட்டுப் பிள்ளையை அடிக்க முடியாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

"எல்லாரும் கை தட்டுனாங்க" என்றார். குரலில் கோபம் பாதி, இன்னொன்று பாதி. அந்த மற்றப் பாதி என்ன என்று எனக்கு இப்போது தெரிகிறது. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் அப்படித்தான் இருக்கும். பிறகு குனிந்து, "அடுத்த புத்தகம் கொண்டாந்திருக்கேன்" என்று சேலைக்குக் கீழே தள்ளினார்.

கோபத்தில் அதைத் திருப்பி வெளியே தள்ளினேன். அது அங்கேயே கிடந்தது. மறுநாள் காலை அம்மா பெருக்கும்போது சத்தமில்லாமல் அதை மறுபடி உள்ளே வைத்துவிட்டுப் போனாள். மத்தியானம்வரை பார்க்காமல் இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. கோழி வளர்ப்புப் புத்தகம். அதையும் வாசித்தேன், அதற்கும் எழுதினேன். அந்த நாலு சுவருக்குள் வேறென்ன செய்வது, சொல்லுங்கள்?

மார்கழிக் கடைசியில் பாதை திறந்து மாமா வந்தார். தண்ணீர் ஊற்றினார்கள், மாலை போட்டார்கள், நான் வெளியே வந்தேன். வெயிலில் கண் கூசியது. அதே வாரம் அம்மா என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைப் பிரித்து, ஓரம் மடித்து, தங்கைக்குத் தைத்தாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நான். பதுளையில் எங்கே இறங்க வேண்டும், திரும்பும்போது பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் தலை சுற்றாது, எந்த டீச்சரிடம் சிரிக்கக் கூடாது என்பதையெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவள் பஸ் ஏறிப் பத்து நாளில் எனக்குப் பேர் பதிந்தார்கள்.

அப்பாவுக்கு அதற்குப் பிறகும் பல வருடம் எழுதிக் கொடுத்தேன். வாசகசாலையின் கூரை ஒரு காற்றில் போய், புத்தகங்கள் நனைந்து, கொப்பியும் எங்கோ போன பிறகுதான் அது நின்றது. அப்பா சாகும்வரை எங்கள் பக்கத்தில் பெரிய வாசகர் என்றுதான் பேர்.

மாஸ்டரை நான் கடைசியாகப் பதுளை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவருக்கு நல்ல வயதாகிவிட்டது. நான் கேட்காமலே சொன்னார்.

"ஒன் கையெழுத்து எனக்குத் தெரியாதா புள்ள? ஒனக்கு எழுத்து எழுதக் கையப் புடிச்சவனே நாந்தானே. அத்தன பேருக்கு முன்னுக்கு வச்சுக் கேட்டா ஒங்கப்பாவால மறுக்க ஏலாதுன்னு நெனச்சேன்."

"அவரு மறுக்கலியே மாஸ்டர்" என்றேன்.

அவர் தலை குனிந்துகொண்டார். பாவம், நல்லது செய்யத்தான் பார்த்தார். ஒரு தகப்பனை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தினால் தப்ப வழியிருக்காது என்று கணக்குப் போட்டார். பக்கத்தில் இன்னொரு மகள் உட்கார்ந்திருந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அவர் மேல் எனக்கு இப்போது வருத்தமில்லை. அப்பா மேல் இருக்கிறது. செத்துப்போனவர் மேல் கோபம் வைக்கக் கூடாது என்கிறார்கள். நான் வைத்திருக்கிறேன்.

தங்கை படித்தாள். டீச்சர் ஆனாள். முப்பது வருடத்துக்கு மேல் எங்கள் தோட்டங்களின் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் ஓய்வு பெற்றபோது பெரிய விழா எடுத்தார்கள். என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அவள் மைக்கின் முன்னால் நின்று பேசினாள்.

"நான் இன்றைக்கு இங்கே நிற்பதற்குக் காரணம் என் அப்பா எழுதிய ஒரு அபிப்பிராயம். பெண்பிள்ளைகளை நிறுத்தக்கூடாது என்று, அந்தக் காலத்தில், ஒரு ஸ்டோர்த் தொழிலாளி எழுதினார்."

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்தவர் என்னையும் கைபிடித்து எழுப்பினார். நானும் தட்டினேன்.

திரும்பி வரும்போது வேனில் நாங்கள் இருவரும் பின்சீட்டில் இருந்தோம். அவள் மடியில் மாலைகள். ஐம்பது வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"யாரு எழுதுனதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க்கா" என்றாள் உடனே. "அந்தச் சேலைக்கு அடியால ஒனக்கு எத்தன தடவ பென்சில் சீவிக் குடுத்திருக்கேன்."

"அப்பறம் ஏன் அப்பான்னு சொன்ன?"

மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். வேன் இரண்டு வளைவு திரும்பியது.

"நீ எழுதுனன்னு சொன்னா, அப்ப அக்கா ஏன் படிக்கலன்னு கேப்பாங்க. அதுக்கு நான் என்னாக்கா சொல்றது?"

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளைத் திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.